ஷாட்கன் தோட்டாப் பெட்டியில் ‘3 டிராம்’ என்றால் என்ன? ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 12 போர் தோட்டாப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் மடிப்பில் ஒரே வரியில் ஐந்து எண்கள் இருக்கும்: 12, 2¾, 3, 1⅛, 8. முதலாவது துப்பாக்கியின் போர் (bore), அதாவது குழலின் பருமனைச் சொல்லும் எண். இரண்டாவது தோட்டாவின் நீளம், அங்குலத்தில். நான்காவது ஈய ரவையின், அதாவது உள்ளே நிரப்பிய சின்னச் சின்ன ஈய உருண்டைகளின் எடை, அவுன்ஸில். ஐந்தாவது ரவையின் பருமன் எண். நடுவில் நிற்கும் 3 தான் வில்லங்கம். அதன் பக்கத்தில் ‘டிராம் ஈக்விவேலண்ட்’ என்று பொடி எழுத்தில் சுருக்கிப் போட்டிருப்பார்கள். அந்தச் சுருக்கத்தின் இரண்டாம் பாதியைக் கவனிக்காதவர்கள் அதை உள்ளே இருக்கும் வெடிமருந்தின் எடை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கணக்கில் புலி. வாரக் கடைசியில் காற்றில் வீசும் களிமண் தட்டைச் சுடும் மைதானத்துக்கு முதல்முறை வந்தவர், பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் செல்பேசியில் பெருக்கிவிட்டு, “ஒரு தோட்டாவில் 5.3 கிராம் மருந்தா!” என்றார். மைதான அலுவலக மேசையில், நெடுக்காக அறுத்து உள்ளே இருப்பது தெரியும்படி வைத்த தோட்டா ஒன்று உண்டு. பித்தளை அடிப்பகுதிக்குள் கருஞ்சீரகத்தைவிடப் பொடியான சாம்பல் நிறத் தகடுகள், சுண்டுவிரல் நகத்தின் உயரம்கூட இல்லை. அங்கே தோட்டா நிரப்பும் வழக்கமுள்ள பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அது 1.2 கிராம்தான், ஐயா.”

5.3 எங்கே, 1.2 எங்கே? பெருக்கலில் பிழை இல்லை. பெட்டியும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டு வரலாறு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பெட்டியில் உள்ள எல்லா எண்களும் தாமாகவே பேச ஆரம்பித்துவிடும்.

இது படிப்பதற்கான வழிகாட்டி. தோட்டா நிரப்புவதற்கானது அல்ல. ஏன் அப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: அளவுகளைத் தமிழ்க் கணக்கில் பொருத்திக்கொள்ளுங்கள்

டிராம், அவுன்ஸ், கிரெயின் என்று மூன்று அளவுகள் இங்கே புழங்குகின்றன. பின்னங்களுக்கு நம் மொழியில் தனித்தனிப் பெயர் இருப்பதால் நமக்கு இது ஆங்கிலேயரைவிட எளிது. ஒரு டிராம் என்பது அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது மாகாணி அவுன்ஸ். 1⅛ அவுன்ஸ் என்றால் ஒன்றே அரைக்கால். ⅞ என்றால் முக்காலே அரைக்கால். பழைய வாய்ப்பாடு படித்த தாத்தா யாரேனும் பக்கத்தில் இருந்தால் தோட்டாப் பெட்டியை மடமடவென்று படித்துவிடுவார்.

கிராமில் பார்த்தால் ஓர் அவுன்ஸ் 28.35 கிராம், ஒரு டிராம் 1.77 கிராம். கிரெயின் இவற்றைவிட மிகச் சிறியது. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின், ஓர் அவுன்ஸில் 437.5, ஒரு டிராமில் 27.34. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். சித்த மருத்துவ நிறைகளில் உளுந்தெடை என்பதும் இதே 65 மில்லிகிராம்தான். குன்றிமணி எடை 130. ஆங்கிலேயர் தானிய மணியை வைத்து அளந்தார்கள், நாம் உளுந்தை வைத்து அளந்தோம், அவ்வளவுதான். ஆகவே கிரெயின் என்று வரும் இடங்களில் உளுந்தை நினைத்துக்கொண்டால் அளவு கண்ணுக்குத் தெரியும். இன்னொரு பொருத்தம்: வேட்டைத் தோட்டாக்களில் வரும் 1¼ அவுன்ஸ் ரவை 35.4 கிராம், நம் ஒரு பலம் 35 கிராம்.

ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். மருந்துக்கடை டிராம் என்பது வேறு. பழைய ஆஸ்பத்திரிகளில் கம்பவுண்டர் மிக்ஸ்சர் பாட்டிலில் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்த காலத்து டிராம், எடையில் 60 கிரெயின். தோட்டா டிராமைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தோட்டா விஷயத்தில் எப்போதும் 27.34 கிரெயின் டிராம்தான்.

இந்தக் கணக்குப்படி 3 டிராம் என்றால் 82 கிரெயின், 5.3 கிராம். நண்பரின் விடை இதுதான். பெருக்கல் சரி, பெருக்கியதுதான் தவறு.

படி 2: அந்த 3 எந்த மருந்துடையது என்று கேளுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுக்கத் துப்பாக்கிக்கு இருந்தது ஒரே மருந்து: கருமருந்து. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வேட்டைக்காரர் இடுப்பில் மருந்துக் குடுவை தொங்கும். கைப்பிடி வைத்த சிறிய அளவுக் கிண்ணம் ஒன்றும் இருக்கும். அதன் பக்கவாட்டில் 2½, 2¾, 3, 3¼ என்று டிராம் கோடுகள். அதே கிண்ணத்தின் மறுபக்கம் ரவைக்கு அவுன்ஸ் கோடுகள். தராசு கிடையாது. அள்ளி, தலை தட்டி, கொட்டி, கெட்டிப்பதுதான். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் மருந்து கெட்டித்ததும் இதே முறையில்தான்.

அந்தக் காலத்தில் ‘3 டிராம், 1⅛ அவுன்ஸ்’ என்றால் சொன்னதுதான் அர்த்தம். தோட்டாவுக்குள் மெய்யாகவே 3 டிராம் கருமருந்து இருந்தது. 12 போருக்கு அது பதமான அளவு. 1⅛ அவுன்ஸ் என்பது 18 டிராம். மருந்து ஒன்றுக்கு ரவை ஆறு. சுடுபவர் எல்லோருக்கும் அந்தச் சேர்க்கையின் உதையும் வேகமும் தோளில் பதிந்திருந்தன. டிராம் எண்ணைக் கேட்டால் போதும், துப்பாக்கி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடுவார்கள்.

பிறகு புகையில்லா மருந்து வந்தது. பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரி ஷுல்ட்ஸே 1860களில் மரத்துகளை நைட்ரோ ஏற்றம் செய்து ஷாட்கனுக்கு ஏற்ற முதல் மருந்தைத் தந்தார். 1882இல் இங்கிலாந்தில் ஈ.சி. என்ற மருந்து சந்தைக்கு வந்தது. 1884இல் பிரான்ஸில் பால் வியேல் ராணுவத் துப்பாக்கிக்கான மருந்தைக் கண்டுபிடித்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபலின் பாலிஸ்டைட்.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதுதான் அந்த அடர்ந்த வெள்ளைப் புகையும் குழலில் ஒட்டும் கசடும். புகையில்லா மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். அதனால் அதே வேலையைச் செய்யக் கொஞ்சம் போதும். ஆனால் மக்கள் கையில் இருந்தது பழைய கிண்ணம். மருந்து செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு முதலில் வந்த மருந்துகளைப் பொரி மாதிரி உப்பலாகச் செய்தார்கள். அதே கிண்ணத்தில் 3 டிராம் கோடு வரை அள்ளினால் எடை பாதிதான் இருக்கும், 42 கிரெயின். வேகம் மட்டும் பழைய 82 கிரெயின் கருமருந்து தந்த வேகம். வாங்குபவருக்கு எதுவும் மாறவில்லை. கோடு அதே கோடு.

சிக்கல் பாலிஸ்டைட் போன்ற அடர்த்தி மருந்துகளோடு வந்தது. அவை உப்பல் அல்ல, மணல் மாதிரி கனம். தேவையும் 42ஐவிட இன்னும் குறைவு. பழக்க தோஷத்தில் அதே கிண்ணத்தால் அதே கோடு வரை அள்ளியவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன. குழல் பிளந்தது, விரல்கள் போயின. அளவுக் கிண்ணம் போய் தராசு வந்ததற்கு இதுதான் காரணம்.

தொழிற்சாலைகளுக்கு இப்போது ஒரு தர்மசங்கடம். தோட்டாவுக்குள் இருப்பது ஏதோ ஒரு புது மருந்தின் ஏதோ ஒரு கிரெயின் அளவு. அதை அச்சிட்டால் யாருக்கும் விளங்காது. வாடிக்கையாளர் மனத்தில் இருப்பதோ டிராம். எனவே இப்படி எழுதினார்கள்: ‘இந்தத் தோட்டா, இதே எடை ரவையை 3 டிராம் கருமருந்து எந்த வேகத்தில் தள்ளுமோ அதே வேகத்தில் தள்ளும்.’ அதன் சுருக்கம்தான் டிராம் ஈக்விவேலண்ட். தமிழில் டிராம் சமானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடப்பில் நமக்கு ஒரு உவமை இருக்கிறது. பல்பு பெட்டியில் ‘60 வாட்ஸுக்குச் சமம்’ என்று போட்டிருக்கும்; உள்ளே இருக்கும் எல்.இ.டி. 9 வாட்ஸ்தான் எடுக்கும். குண்டு பல்பைப் பார்த்தே இராத பிள்ளைகள் ஒருநாள் அந்த 60 என்ன என்று கேட்பார்கள். தோட்டாவில் அந்தக் கேள்வி எப்போதோ வந்துவிட்டது.

படி 3: டிராமைத் தனியாகப் படிக்காதீர்கள், ரவை எடையோடு சேர்த்துப் படியுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

டிராம் எண் மட்டும் எதையும் சொல்லாது. ஒரே மாட்டு வண்டியில் ஐந்து மூட்டை ஏற்றினால் ஒரு வேகம், பத்து மூட்டை ஏற்றினால் வேறு வேகம். மருந்து மாடு, ரவை மூட்டை. 3¾ டிராம் சமானம் 1¼ அவுன்ஸைத் தள்ளும்போது வேகம் வினாடிக்கு 1,330 அடி. அதே 3¾, 1½ அவுன்ஸைத் தள்ளும்போது 1,260 அடிதான். பெட்டியில் இரண்டிலும் 3¾ என்றே இருக்கும்.

12 போருக்கு மட்டும் பொருந்தும் ஒரு மனக்கணக்கு உண்டு. அட்டவணை தேட வேண்டாம், இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்:

தொடக்கப்புள்ளி: 3 டிராம், 1⅛ அவுன்ஸ், வினாடிக்கு 1,200 அடி.
டிராமில் கால் கூடினால் 55 அடி கூட்டுங்கள். கால் குறைந்தால் 55 கழியுங்கள்.
ரவையில் அரைக்கால் அவுன்ஸ் கூடினால் 35 அடி கழியுங்கள்; குறைந்தால் 35 கூட்டுங்கள்.

சரிபார்ப்போம். 2¾ டிராம், 1⅛ அவுன்ஸ்: 1,200 கழித்தல் 55, ஆக 1,145. தட்டு சுடுபவர்கள் ‘லைட்’ என்று கேட்டு வாங்குவது இது. 3 டிராம், 1 அவுன்ஸ்: 1,200 கூட்டல் 35, ஆக 1,235. 3¼ டிராம், 1¼ அவுன்ஸ்: 55 கூட்டி 35 கழித்தால் 1,220. 3¾ டிராம், 1½ அவுன்ஸ்: மூன்று கால்களுக்கு 165 கூட்டி, மூன்று அரைக்கால்களுக்கு 105 கழித்தால் 1,260. அச்சிட்ட அட்டவணைகளில் இருக்கும் எண்களும் இவையேதான்.

மீட்டரில் நினைப்பவர்களுக்கு: 1,200 அடி என்பது வினாடிக்கு 366 மீட்டர், 1,145 அடி 349 மீட்டர், 1,330 அடி 405 மீட்டர். அடியில் வரும் எண்ணை 3.28ஆல் வகுக்க வேண்டும்.

படி 4: போர் மாறினால் கணக்கும் மாறும்

12 போர் என்பதன் பொருள்: குழலின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகளைச் செய்தால் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு வரும். 20 போருக்கு இருபது வரும். அதனால்தான் எண் பெரிதாக ஆகக் குழல் சிறுக்கிறது. 12 போர் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6, 28 போர் 14. கூட்டத்தில் .410 மட்டும் முறை தவறியது. அது பவுண்டுக் கணக்கு அல்ல, நேராக அங்குல விட்டம்.

இப்போது தட்டு சுடும் தோட்டாக்களை வரிசையாக வையுங்கள். 12 போர்: 3 டிராம், 1⅛ அவுன்ஸ். 20 போர்: 2½ டிராம், ⅞ அவுன்ஸ். 28 போர்: 2 டிராம், ¾ அவுன்ஸ். மூன்றின் வேகமும் 1,200 அடிதான்! டிராம் எண் இறங்கியதால் தோட்டா மெதுவாகப் போகிறது என்று நினைத்தால் ஏமாற்றம். சுமக்கும் ரவை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரரிடம் “20 போரிலும் 3 டிராம் கொடுங்கள்” என்று கேட்பது, செருப்புக் கடையில் மகளுக்கும் அப்பாவின் எண்ணையே கேட்பது போல.

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. 20 போர் தோட்டாக்களை மஞ்சள் உறையில் செய்வது அழகுக்கு அல்ல. 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் துப்பாக்கிக்குள் போனால் தோட்டா உட்காரும் அறையில் நிற்காமல் வழுக்கிக் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். சட்டைப் பையில் இரண்டையும் கலந்து வைத்திருப்பவரின் பக்கத்தில் நிற்காதீர்கள்.

படி 5: ‘மேக்ஸ்’, ‘மேக்னம்’, பித்தளை உயரம் ஆகியவற்றை நம்பும் முன்

சில பெட்டிகளில் டிராம் எண்ணுக்குப் பதில் ‘மேக்ஸ்’ என்று மட்டும் இருக்கும். அந்த நீளத் தோட்டாவில், அந்த எடை ரவைக்கு, அனுமதித்த அழுத்தத்துக்குள் தரக்கூடிய உச்சம் என்று பொருள். வேகம் எவ்வளவு என்பதற்கு அடுத்த வரியைத்தான் பார்க்க வேண்டும். .410இல் இது மிகச் சாதாரணம்.

‘மேக்னம்’ என்ற சொல் வாங்குபவரைச் சுலபமாக மயக்கும். பெரும்பாலும் அது கூடுதல் ரவை என்பதையே குறிக்கும். கூடுதல் வேகத்தை அல்ல. மேலே பார்த்த 1½ அவுன்ஸ் தோட்டா 2¾ அங்குல மேக்னம் வகை. 1¼ அவுன்ஸ் தோட்டாவைவிட அது 70 அடி மெதுவானது.

பித்தளை அடிப்பகுதி உயரமாக இருந்தால் காரமான தோட்டா என்பது காகித உறைக் காலத்து வழக்கு. பிளாஸ்டிக் உறை வந்தபின் அது பெரும்பாலும் சம்பிரதாயம். பித்தளையைப் பார்த்து முடிவு செய்யாமல் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஃகு ரவைத் தோட்டாக்களில் டிராம் எண்ணை அநேகமாகப் பார்க்கவே முடியாது. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை. வாத்து வேட்டைக்காரர்கள் எஃகுக்கு மாறினார்கள். எஃகு ஈயத்தைவிட மிக லேசானது என்பதால் அதிக வேகத்தில் கிளப்ப வேண்டும். கருமருந்துக் காலத்தில் எஃகு ரவையே கிடையாது. எதற்குச் சமானம் சொல்வது? எனவே அங்கே நேராக வினாடிக்கு இத்தனை அடி என்று அச்சிட்டார்கள். அந்தப் பழக்கம் மெல்ல ஈயத் தோட்டாப் பெட்டிகளுக்கும் பரவியது. இப்போது பல பெட்டிகளில் டிராமும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. இரண்டும் இருந்தால் வேகத்தையே நம்புங்கள். டிராம் என்பது அந்த வேகத்தின் பாட்டி பெயர்.

படி 6: பெட்டியைப் பார்த்தே தோளின் வலியைக் கணியுங்கள்

எனக்கு டிராம் எண்ணால் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான். ரவை எடையை வேகத்தால் பெருக்குங்கள். உதையின் தள்ளுவிசை ஏறக்குறைய இந்தப் பெருக்கலின் அளவில்தான் இருக்கும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் தக்கை, மருந்து ஆகியவற்றின் எடையைச் சேர்க்காத சுமாரான கணக்கு இது, ஒப்பிடுவதற்குப் போதும்.

1⅛ × 1,200 = 1,350.
1 × 1,235 = 1,235.
⅞ × 1,200 = 1,050.
1¼ × 1,330 = சுமார் 1,660.

தோள் உணரும் ஆற்றல் இந்த எண்ணின் வர்க்கத்தில் ஏறும். 1,350க்கும் 1,660க்கும் இடையில் எண்ணளவில் 23 சதவீதம்தான் வித்தியாசம். தோளுக்கு அது ஒன்றரை மடங்கு. ஒரே எடைத் துப்பாக்கியில் ஒரு நாளில் நூறு தோட்டா சுடுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இருபத்தைந்தாவது தோட்டாவுக்குப் பிறகு விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், டிராமைக் கூட்டி எந்தத் தட்டையும் உடைக்க முடியாது.

கூடுதல் டிராம் தரும் கூடுதல் வேகம் இலக்குக்குப் போய்ச் சேருகிறதா? உருண்டை ரவை காற்றில் மிக மோசமாகப் பறக்கும் பொருள். வேகமாகக் கிளம்பினால் காற்று இன்னும் கடுமையாகத் தடுக்கும். 2¾ டிராமுக்கும் 3 டிராமுக்கும் குழல் முனையில் 55 அடி வித்தியாசம்; 7½ எண் ரவை 40 கஜம் போய்ச் சேர்வதற்குள் அது 20 அடிக்குள் சுருங்கிவிடும். தோளில் வாங்கியது முழுசு, தட்டில் சேர்ந்தது கொசுறு. புதிதாக வருபவர்களுக்கு 2¾ டிராம் பெட்டியையே நான் கையில் கொடுப்பேன்.

போட்டி விதிகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. டிராப், ஸ்கீட் என்ற ஒலிம்பிக் தட்டு சுடும் போட்டிகளுக்குப் பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனம் வைத்திருக்கும் வரம்பு 24.5 கிராம் ரவை. அதாவது ⅞ அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவு. பாரிஸ் 2024இல் டிராப் பிரிவில் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானின் தோட்டாவும் இந்த வரம்புக்குள்தான். பெட்டியில் டிராம் என்ற சொல்லே இருக்காது; கிராமும், வினாடிக்கு மீட்டரும்தான். இந்தியாவில் 12 போர் தோட்டா பார்த்தவர்களுக்கும் இது பழக்கப்பட்டதே: நீளம் 70 மில்லிமீட்டர் என்றுதான் இருக்கும், அதுவே அமெரிக்காவின் 2¾ அங்குலம்.

படி 7: மீதி எண்களையும் படித்துவிடுங்கள்

நீளம்: 2¾ அங்குலம் என்பது சுட்டு முடித்து, மடித்த வாய் விரிந்தபின் உள்ள நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டையாக இருக்கும். இதனால் 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள் வம்பில்லாமல் நுழைந்து கதவும் மூடிக்கொள்ளும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. குழலில் பொறித்திருக்கும் நீளத்தைப் பாருங்கள்.

ரவை எண்: அமெரிக்க எண்ணை 17இலிருந்து கழித்தால் ரவையின் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று வரும். 8ஆம் எண் என்றால் 17 − 8 = 9, அதாவது 0.09 அங்குலம், ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர். 6ஆம் எண் 0.11. 7½ என்றால் 0.095. ஓர் அவுன்ஸில் 8ஆம் எண் ஈய ரவை சுமார் 410 இருக்கும்; 7½ சுமார் 350; 6 சுமார் 225. ஆகவே நம் 1⅛ அவுன்ஸ் பெட்டியில் தோட்டாவுக்கு 460 ரவை. இங்கிலாந்து எண்கள் வேறு. அங்கே 7 என்பது இங்கே 7½க்கு நெருக்கம். கழித்தல் விதி அமெரிக்கப் பெட்டிக்கு மட்டும்.

படி 8: அழுத்தம் வேறு, டிராம் வேறு

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை இருமுறை படிக்கவும். அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தர அமைப்பு ஒன்று உண்டு. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சாமி’ என்பார்கள், 1926இல் தொடங்கியது. 12 போர் 2¾ அங்குலத் தோட்டாவுக்குச் சாமி விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 20 போருக்கு 12,000.

இரண்டு பெட்டியிலும் 3 டிராம், 1⅛ அவுன்ஸ் என்றே இருக்கலாம். ஒன்றில் வேகமாக எரியும் மருந்து, மற்றதில் மெதுவாக எரியும் மருந்து. குழல் முனை வேகம் ஒன்றுதான். அறைக்குள் எழும் அழுத்தம் ஒன்றல்ல. டிராம் சமானம் வேகத்துக்குச் சமானம், அழுத்தத்துக்கு அல்ல.

தாத்தா காலத்து இரட்டைக்குழல், அதிலும் இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், ‘3 டிராமுக்குச் செய்தது’ என்று பரம்பரையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கலாம். அது 3 டிராம் கருமருந்து. கடையில் வாங்கும் 3 டிராம் சமானத் தோட்டா அதே எண்ணைத் தாங்கியிருப்பதால் அதே சாதுவான பிராணி என்று நினைத்துவிடக் கூடாது. துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டாமல் அதில் எதையும் சுடாதீர்கள்.

இதே காரணத்தால்தான் டிராம் எண்ணை வைத்துத் தோட்டா நிரப்ப முடியாது என்று தொடக்கத்திலேயே பிரித்துச் சொன்னேன். 82 கிரெயின் என்று பெருக்கிய நண்பரின் விடையைப் புகையில்லா மருந்தில் அளந்து போட்டால், அது தேவையைப் போல் நான்கு மடங்கு. தோட்டா நிரப்புபவர்கள் அந்தந்த மருந்துக்கு அதன் உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையைத் தராசோடு பின்பற்றுகிறார்கள். உறை, தக்கை, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு எதையும் மாற்றாமல். இந்தியாவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெட்டியை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

கடை அலமாரியில் மூன்று பெட்டிகள்.

முதலாவது: 12, 2¾, 2¾, 1⅛, 8. இரண்டு முறை 2¾ வருகிறது, குழம்ப வேண்டாம். முதலில் வருவது அங்குலம், அடுத்தது டிராம். வேகம் 1,145 அடி. 460 பொடி ரவை. உதை எண் 1,290 அளவில். நாள் முழுக்கத் தட்டு சுடலாம்.

இரண்டாவது: 12, 2¾, 3¾, 1¼, 6. வேகம் 1,330. ஒரு பலம் ரவை, 280 பருத்த மணிகள். உதை எண் 1,660. ஃபெசன்ட் பறவை வேட்டைக்கு நாலைந்து தோட்டா சுடுபவருக்குச் சரி. தட்டு மைதானத்தில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். அனுமதித்தாலும் தோள் அனுமதிக்காது.

மூன்றாவது: 20, 2¾, 2½, ⅞, 8. மஞ்சள் உறை. டிராம் மூன்றிலும் சிறியது. வேகமோ 1,200, முதல் பெட்டியைவிட அதிகம். ரவை சுமார் 360.

நண்பர் அன்று மாலை மூன்றாவதை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது அறுத்து வைத்த அந்தத் தோட்டாவை மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “இருபது உளுந்துகூட இல்லையே” என்றார்.